கார் புக்கிங் பணம் 25,000 ரூபாய் திரும்பி வந்த கதை

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று பெயர்தான், பிழைப்பு எல்லாம் ஆன்லைன் விண்ணப்பத்தில். வருமானச் சான்று, பட்டா நகல், பான் கார்டு, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று எதுவானாலும் ஊர்க்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். "நல்லா வாசிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஒரு கார் ஷோரூமில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, ஒரு தாளை முன்னும் பின்னும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டு, 25,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைச் சொன்னதும் கடைக்கு வந்த மூன்று பேர் "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார்கள், அதில் இரண்டு பேர் போனால் போகட்டும் என்று பணத்தை விட்டே விட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. மாதம் ஒரு தடவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பஸ் படி ஏற முடியாது, ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார். நாற்பது சென்ட் ரப்பரில் ஷீட்டும் ஒட்டுப்பாலும் விற்றுச் சேர்த்த பைசா கொஞ்சம் இருந்தது, மீதிக்கு லோன் போட்டால் ஒரு சின்ன பெட்ரோல் கார் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. "ஆடியில வண்டி எடுக்கண்டாம் மக்களே" என்றாள் அம்மா. எடுக்கவில்லை, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினேன்.

வாசலிலேயே ஒரு பையன் பிடித்துக்கொண்டான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல சிரிப்பு. முதலில் போன் நம்பர், அப்புறம்தான் என்ன வண்டி என்ற கேள்வி. ஓட்டிப் பார்த்து வந்ததும் டீ வந்தது. "ஆடியில புக்கிங், ஆவணி பொறந்ததும் டெலிவரி, அதுதாண்ணே புத்தி. இந்தக் கலர்ல யார்டுல ஒரே ஒரு வண்டிதான் நிக்குது, மத்தியானத்துக்குள்ள போயிரும்." விலையில் இழுத்தபோது, மேனேஜரிடம் கேட்டு வருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போய்விட்டு மூவாயிரம் குறைந்ததாக வந்தான். இன்னும் இழுத்தேன், மறுபடி போனான், மறுபடி மூவாயிரம். மூன்றாவது தடவை மேனேஜரே எழுந்து வந்து, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "நம்ம ஊர்க்காரரு சார், இன்னைக்கே முடிச்சிருவோம்" என்று தோளில் கை வைத்தார். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு டீயும் ஒரு எலுமிச்சை ஜூஸும் குடித்தாயிற்று, இனி வெறுங்கையோடு எழுந்து போவது மரியாதையில்லை என்று ஒரு எண்ணம் வரும் பாருங்கள், அதுதான் என்னை மாட்டிவிட்டது.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "கேன்சல் பண்ணினா பைசா திரும்பக் கிடைக்குமா தம்பி?"

"ஃபுல் ரீஃபண்ட் அண்ணே. நான் இருக்கேன்லா."

20,000 ரூபாயை ஷோரூம் க்யூஆரில் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அன்றைய ஜீபே வரம்பில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. மீதி 5,000 சட்டைப் பையில் ரொக்கமாக இருந்தது, அதை அந்தப் பையன் கையிலேயே கொடுத்தேன். ரோஸ் கலர் கார்பன் தாளில் ரசீது வந்தது. அதில் 20,000 தான். "அஞ்சு பில்லுல அட்ஜஸ்ட் ஆயிரும்ணே" என்றான். ஆதார், பான் நகலும் கொடுத்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்கிறவன், அன்று எழுதவில்லை. லோன் பார்க்கிற இன்னொருவர் வந்து, தகுதி பார்க்க மட்டும்தான் என்று ஓடிபி கேட்டார். அதையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கொட்டேஷனை மேசையில் போட்டதும் மனைவி கால்குலேட்டரை எடுத்துவிட்டாள். வண்டி விலை ஏறத்தாழ 7 லட்சம். அதற்குக் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, ஆக்சஸரி கிட் 24,000, இன்சூரன்ஸ் 41,000. "மிதியடி நாலாயிரமா? தங்கத்துல நெய்திருக்கானா?" என்று கேட்டாள். அதே காப்பீட்டை வெளியில் விசாரித்தபோது 33,000-க்குச் சொன்னார்கள். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதில் மாற்றமில்லை. ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்பதும் அப்படித்தான், வண்டியை ஷோரூம் வரை கொண்டுவந்து நிறுத்துகிற செலவு விலையிலேயே இருக்கிறது.

அன்று இரவே மனைவி என் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வாட்ஸ்அப் அனுப்ப வைத்தாள். "தம்பி, 20 ஜீபேல அனுப்பினேன், 5 உன் கையில தந்தேன். ரசீதுல 20 தான் இருக்கு." ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது, "ஆமாண்ணே, பில்லுல அட்ஜஸ்ட் பண்ணிரலாம்", பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். அந்த ஒரு வரி இல்லையென்றால் அந்த ஐயாயிரத்தை நான் மறந்திருக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர், தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பேசினார். சின்ன காருக்கும் குறையும் என்று மறுநாளே எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஷோரூமுக்குப் போன் போட்டு, பில்லைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. காலையில் பையன், மத்தியானம் லோன்காரர், சாயங்காலம் மேனேஜர். வரி குறையாது, குறைந்தாலும் கம்பெனி விலையை ஏற்றிவிடும், ஓணம் ஆஃபர் 25,000 போய்விடும், ஓணத்துக்கு முன்னால் பில் போட்டே ஆக வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓணமும் உண்டு, தீபாவளியும் உண்டு, ஷோரூம்காரர்களுக்கு இரண்டு பக்கமும் டார்கெட்.

இத்தனை அவசரம் ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. பழைய வரியில் எடுத்து யார்டில் நிறுத்தியிருக்கிற வண்டிக்கு டீலர் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். புது விலை வரும் என்று வாங்குகிறவர்கள் எல்லோரும் காத்திருந்தால் வண்டி நகராது. அதோடு, ஏற்கெனவே கட்டிய செஸ் என்ற கூடுதல் வரியைப் புது வரி வந்தபின் எதிலும் கழிக்க முடியாது என்ற பயமும் இருந்தது. அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. அதை என் தலையில் ஏன் இறக்க வேண்டும்?

செப்டம்பர் 3 இரவு செய்தி உறுதியானது. 22-ஆம் தேதி முதல் சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் போய், மொத்தமாக 18 சதவீதம். நானே தாளில் போட்டுப் பார்த்தேன். வரியோடு 7 லட்சம் என்றால் வரியில்லாத விலை 5,42,636. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 6,40,310. ஏறத்தாழ அறுபதாயிரம் குறைகிறது. இவர்களுடைய ஓணம் ஆஃபர் 25,000.

மறுநாள் நேரில் போனேன். 22-க்கு அப்புறம் பில் போடுங்கள், இல்லையென்றால் பணத்தைக் கொடுங்கள் என்றேன். ஆகஸ்டில் தோளில் கை வைத்த மேனேஜர் இப்போது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வண்டி உங்க பேர்ல அலாட் ஆயாச்சு சார். இனி கேன்சல் பண்ணினா 10,000 பிடிப்போம். ரசீதுக்குப் பின்னால எல்லாம் எழுதியிருக்கு."

வெளியே வந்து அந்த ரோஸ் தாளைத் திருப்பினேன். சாம்பல் நிறத்தில், எறும்பு வரிசை மாதிரி பதினான்கு வரி. கடைக்கு வந்து, ஸ்கேன் பண்ணி, பெரிதாக்கிப் படித்தேன். ஒன்பதாவது வரியில் இருந்தது: ரத்து செய்தால் உரிய நடைமுறைக் கட்டணம் கழித்துக்கொள்ளப்படும். எவ்வளவு என்று இல்லை. பத்தாயிரம் என்ற எண் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. ரசீதுக்குப் பின்னால் எழுதியிருக்கிறது என்று அவர்கள் சொன்னால் அது சட்டம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னதான் எழுதியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

அலாட் ஆகிவிட்டது என்றார்களே, அதற்கும் ஒரு கேள்வி உண்டு. என் பெயருக்கு ஒதுக்கிய வண்டியின் சேஸிஸ் நம்பரும் இன்வாய்ஸ் நகலும் அனுப்புங்கள் என்று மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்வாய்ஸ் போடாதவரை அந்த வண்டி அவர்களுடையதுதான், நாளைக்கே வேறொருவருக்கு விற்கலாம். இன்வாய்ஸ் போட்டு, பெயரில் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் போய்விட்டதென்றால் கதை வேறு, அதற்கு முன்னால் முழித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஓணம் லீவு. லீவு முடிந்ததும் அக்கவுண்ட்ஸ் அக்கா லீவு. அக்கா வந்ததும் ஜி.எம். வரணும். ஜி.எம். வந்துபோனதும் "ஏழு வேலை நாள் சார்". ஏழு முடிந்ததும் சிஸ்டம் டவுன். இரண்டு தடவை நேரில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்தேன், ஒரு தடவை சத்தமும் போட்டேன். சத்தம் போட்டதில் நடந்தது ஒன்றுதான், எனக்கு பிரஷர் ஏறியது. அவர்கள் பழகியவர்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை மனைவியை வரச் சொன்னேன். "பைசா கொடுக்கப் போவும்போது கூட்டிட்டுப் போகல்ல, திருப்பி வாங்க மட்டும் நான் வேணுமோ?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் அவள்தான் சொன்னாள், இனி போன் பண்ணாதீங்க, எழுதுங்க என்று.

பலரும் பலது சொன்னார்கள். ஒரு நண்பன் போலீஸுக்குப் போகச் சொன்னான், இன்னொருவன் தெரிந்த கட்சிக்காரரைக் கூட்டிப் போவோம் என்றான். ஒருவரைக் கூட்டிப் போனால் நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணம் வரை நாம் கடன்பட்டவர்கள், அது வேண்டாம் என்றேன். வங்கியில் கேட்டேன், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்பி இழுக்க முடியாது என்றார்கள். லோனை மட்டும் அன்றே நிறுத்தினேன். கடன் வேண்டாம், அனுமதி வந்திருந்தால் ரத்து செய்யுங்கள் என்று லோன் தருவதாக இருந்த வங்கிக்கு மெயில் போட்டு, பதில் வரும்வரை விடவில்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னால் லோனும் தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள்.

கடிதம் எழுதுவதுதான் என் தொழில், ஆனாலும் என் சொந்தக் கடிதத்துக்கு நாலு முறை கிழித்தேன். முதல் மூன்றிலும் ஏமாற்று, மோசடி என்றெல்லாம் இருந்தது. கடைசியாக அனுப்பியதில் கோபம் ஒரு வரிகூட இல்லை. 10.08.2025 அன்று 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். 20,000-க்கு யூபிஐ எண் இது, ரசீது எண் இது. 5,000 ரொக்கம், உங்கள் விற்பனை ஊழியர் ஒப்புக்கொண்ட செய்தி இணைப்பில். இன்வாய்ஸ் போடப்படவில்லை. 04.09.2025 அன்று நேரில் ரத்து செய்யச் சொன்னேன். ரசீதில் கட்டணத் தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. 15 நாளுக்குள் முழுத் தொகையையும் இந்த வங்கிக் கணக்கில் செலுத்தவும், தவறினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு தொடுப்பேன். அவ்வளவுதான், ஒரு பக்கம்.

செப்டம்பர் 19 அன்று அதை ஷோரூம் முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன், அதையே மெயிலாக ஷோரூமுக்கும் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் சேர்த்துப் போட்டேன். கம்பெனி வேறு, டீலர் வேறுதான், "புக்கிங் பணம் டீலர் விஷயம்" என்றுதான் கம்பெனியின் முதல் பதில் வந்தது. அதற்காக விட்டுவிடக் கூடாது, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். எண் விழுந்த புகாரை யாராவது ஒருவர் மூடித்தான் ஆக வேண்டும். 22-ஆம் தேதி, நான் வண்டி எடுத்திருக்க வேண்டிய நாள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள், விவரம் வாங்கிக்கொண்டு ஒரு எண் கொடுத்தார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அந்தக் கேள்வி மேலிருந்து வருகிறது என்பதுதான் அதன் பலம்.

ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தால் போயிருப்பேன். பயப்பட ஒன்றும் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், வண்டியைத் திருநெல்வேலியில் புக் பண்ணியிருந்தாலும் நாகர்கோவிலில் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். என் கடைக்கு இப்போது அந்த வேலையும் வருகிறது.

இதற்கு நடுவில் கூகுள் மேப்பில் ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினேன், தேதியும் தொகையும் மட்டும், திட்டு எதுவும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாரக்கணக்கில் போன் எடுக்காத மேனேஜர் அன்று மத்தியானமே கூப்பிட்டார். "ரிவ்யூவை எடுங்க சார், நாளைக்கே பைசா போடுறோம்." பைசா வரட்டும், எடுத்துவிடுகிறேன் என்றேன். மறுநாள் கம்பெனியின் ஏரியா மேனேஜர் என்று ஒருவர் பேசினார், மிக மரியாதையாக. அதற்கு அடுத்த நாள் ஷோரூமில் ஒரு தாளை நீட்டினார்கள்: 15,000 பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை. பேனாவைக் கையில் வாங்கி, ஒரு நிமிடம் யோசித்து, மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இவ்வளவு அலைந்தபின் கிடைத்தது போதும் என்று கை அரிக்கும், அந்த இடத்தில்தான் பாதிப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அக்டோபர் 7 அன்று 20,000 ரூபாய் கணக்கில் விழுந்தது. பிடித்தம் இல்லை. ரிவ்யூவை எடுக்கவில்லை, பணம் வந்தது என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

5,000 பற்றி ஷோரூமில் கேட்டால் அப்படி ஒரு பணம் கணக்கிலேயே இல்லை என்றார்கள். அந்த வாட்ஸ்அப்பை மறுபடி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடையை அடைக்கிற நேரத்தில் அந்தப் பையன் வந்தான். சட்டை தோள் முழுக்க நனைந்திருந்தது. வேறொரு கஸ்டமரின் பாக்கியை அடைக்க அந்த ஐயாயிரத்தைப் போட்டதாகவும், அந்த ஆள் தரவே இல்லை என்றும் சொன்னான். உண்மையா பொய்யா தெரியாது. மாதம் எட்டு வண்டி டார்கெட், எட்டாவது விழாவிட்டால் இன்சென்டிவ் கிடையாது என்றான். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்பது வைத்தான். "மீதி ஐநூறு பிறகு தாறேன்ணே" என்றான்.

"அந்த மெயில்ல எனக்க பேரு இருக்காண்ணே?"

இல்லை, விற்பனை ஊழியர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். சிறிது நேரம் நின்றான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான், உள்ளே பயோடேட்டா, நனையாமல் மடித்து வைத்திருந்தான். ஆறு காப்பி வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு ரூபாய் ஆயிற்று, கொடுத்தான், வாங்கிக்கொண்டேன்.

ஐநூறு தீபாவளி கழிந்து ஜீபேயில் வந்தது.